பெற்றோர் நோயுறும் நாட்களில் மாற்றுப் பராமரிப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்
பெறுநர்: அரசுச் செயலாளர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை
பொருள்: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் நோயுறும்போது, பயிற்சி பெற்ற பராமரிப்பாளரை வீட்டுக்கே அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. மாதப் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்காகச் சிறப்புப் பயிற்றுநர் வீடு தேடி வருகிறார். இவற்றின் அருமையை உணர்ந்தே இம்மனுவை எழுதுகிறோம். ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும், வாய்விட்டுச் சொல்லாமலே, ஒன்றை நம்பி நிற்கின்றன: குழந்தையின் தாய் ஒருநாளும் படுத்துவிட மாட்டார். அவருக்குக் கருப்பையை அகற்ற வேண்டி வரலாம். தந்தைக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படலாம். பாட்டி பக்கவாதத்தில் விழலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நோயாளியோடு கூட இருக்க ஆள் உண்டா என்று வார்டில் கேட்கிறார்கள். வீட்டில் விட்டுவந்த குழந்தையோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாரில்லை.

பார்த்துக்கொள்வது என்றால் இங்கே சும்மா உடனிருப்பது அல்ல. வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினால் வலிப்பு திரும்பலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைச் சரியாக நிமிர்த்தி வைக்காமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். பேச்சு வராத குழந்தை தலையில் அடித்துக்கொள்வது பிடிவாதமா, காதுவலியா என்று பிரித்தறியப் பழக்கம் வேண்டும். இந்த அறிவு பெரும்பாலும் ஒரே ஒருவரிடம் சேர்ந்திருக்கிறது. அவர் மருத்துவமனையில் படுத்தால் அறிவும் அங்கே போய்விடுகிறது. இன்னொன்று, வீடு திரும்பும் நாளோடு அவருடைய நோய் முடிந்துவிடுவதில்லை. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தவர் பல வாரங்கள் எடை தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். 25 கிலோ எடையுள்ள பிள்ளையைக் குளிக்கவும் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் ஒரு நாளில் பலமுறை தூக்கவேண்டியவர் அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பார்? அதனால்தான் பல தாய்மார் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறார்கள். இதைத் தியாகம் என்று போற்றுவது எங்களுக்கு வேதனை தருகிறது. வேறு வழி இல்லாமல்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது சலுகை அன்று. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, வறிய குடும்பங்களுக்கு அரசு செய்யவேண்டிய உதவிகளில் பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஊதியமின்றிக் கவனிக்கும் பெற்றோரையும் ‘பராமரிப்பாளர்’ என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. வீட்டிலேயே கிடைக்கும் ஆதரவுச் சேவைகளைப் பற்றி 5-ஆவது பிரிவில் பேசுகிறது.

உறவினர் பார்த்துக்கொள்வார்களே என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி. உறவினர் என்றால் யார்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 134 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்களுக்கு அது 76 நிமிடம். அத்தையும் சித்தியும் தங்கள் வீட்டில் அதே சுமையைச் சுமப்பவர்கள்தான். இரண்டு நாள் வந்து நிற்பார்கள். ஆறு வாரம் நிற்க முடியாது. உதவித்தொகையை உயர்த்தினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். தொகை உயர்ந்தால் மகிழ்வோம். ஆனால் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அறிந்த ஒருவரை இரவு பத்து மணிக்குக் கையில் பணம் இருந்தாலும் தேடிப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே பயிற்றுவித்து, பட்டியலிட்டு வைக்க அரசால்தான் முடியும்.

இல்லங்கள் இருக்கின்றனவே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தேசிய அறக்கட்டளையின் சமர்த் திட்டம் குறுகியகாலத் தங்கலுக்கு வழி செய்கிறது. வேறு வழியற்ற குடும்பத்துக்கு அது தேவை. என்றாலும், தாயைக் காணாமல் தவிக்கும் ஆட்டிசம் குழந்தையிடமிருந்து அதே வாரத்தில் அதன் படுக்கையையும் தட்டையும் ஜன்னலையும் பறிப்பது கொடுமை. 2016 சட்டத்தின் 9-ஆவது பிரிவும், பெற்றோரால் இயலாதபோது முதலில் நெருங்கிய உறவினர், அடுத்து சமூகத்துக்குள் ஒரு குடும்பச் சூழல், விதிவிலக்காகவே காப்பகம் என்று வரிசைப்படுத்துகிறது. எனவே ஆள்தான் வீட்டுக்கு வரவேண்டும். முன்பின் தெரியாதவரைப் பேசத் தெரியாத குழந்தையோடு விடலாமா என்ற அச்சம் நியாயமானது. அது எங்களுக்கும் உண்டு. காவல்துறைச் சரிபார்ப்பு, பெண் குழந்தைக்குப் பெண் பராமரிப்பாளர், முன்னறிவிப்பற்ற மேற்பார்வை ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். குடும்பம் நலமாக இருக்கும் காலத்திலேயே பராமரிப்பாளர் மாதம் ஒருமுறை வந்து பழகிக்கொள்ளவும் வேண்டும். நெருக்கடி நாளில் கதவைத் தட்டுபவர் குழந்தைக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சமூகப் பாதுகாப்பு பற்றிய அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தள்ளிப்போட்ட அறுவை அவசரச் சிகிச்சையாக வந்து சேரும்போது அதே காப்பீட்டுத் திட்டம்தானே செலவை ஏற்கிறது? வீடு தேடிச் செல்லும் அமைப்பும் புதிதாகத் தேவையில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வலி நிவாரணப் பராமரிப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் பயிற்சிக்கு இடமாகலாம். எத்தனை குடும்பங்கள் என்று கேட்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 8 வகைக் குறைபாடுகளையே எண்ணியது, ஆட்டிசம் அதில் தனி வகையாக இல்லை; 2016 சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே எண்ணிக்கையை மருத்துவமனையிலிருந்தே தொடங்குங்கள். அட்மிஷன் படிவத்தில், உங்கள் பராமரிப்பில் மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, அவருடைய அடையாள அட்டை எண் என்ன என்று ஒரு வரி சேர்க்க ஆணையிடுங்கள். ஆம் என்ற பதில் அன்றே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் போய், 24 மணி நேரத்துக்குள் பராமரிப்பாளர் வீட்டுக்கு வரவேண்டும். அவர் இருக்கும் காலத்தை டிஸ்சார்ஜ் தேதி முடிவு செய்யக் கூடாது, மருத்துவரின் ஓய்வு அறிவுரை முடிவு செய்ய வேண்டும். டயாலிசிஸ், கீமோதெரபி போலத் திரும்பத் திரும்ப வரும் சிகிச்சைக்கு நாள் குறித்த ஏற்பாடு வேண்டும்.

முதலில் ஒரு மாவட்டத்தில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். மருந்து நேரம், ஊட்டும் முறை, குழந்தை அஞ்சுவது எது, அழுகை எதனால் அடங்கும் என்பதையெல்லாம் எழுதிய குறிப்பேடு ஒன்றை எங்கள் உறுப்பினர்கள் தத்தம் குழந்தைக்காக ஆயத்தம் செய்து தருவார்கள். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் யார் என்பதை 30 நாட்களுக்குள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்