கால் போனாலும் வலி போகலையே! சூடு, ஒளி சிகிச்சை கை கொடுக்குமா?

அரியலூர்:

சிமெண்டு ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், ராத்திரி பகலாக ஓடும் லாரிகள். இதுதான் அரியலூர். பக்கத்து பெரம்பலூர் வழியாகத்தான் சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலை போகிறது.

விபத்தில் கால் நசுங்கியவர்களுக்கு உயிரை காப்பாற்ற காலையே எடுக்க வேண்டிய நிலை வருகிறது. சர்க்கரை நோய் புண் முற்றி காலை இழப்பவர்களும் உண்டு.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சோதனை. இல்லாத கால் விரல் எரிகிறது, குத்துகிறது. சொன்னால் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். ஆனால் இது கற்பனை அல்ல. நரம்பை வெட்டினாலும் மூளையில் அந்த காலுக்கான இடம் அப்படியே இருப்பதுதான் காரணம் என்கிறது மருத்துவம்.

இன்னொரு வலி, மீதி இருக்கிற காலில் வருவது. வெட்டிய நரம்பு முனையில் முடிச்சு விழுவது, செயற்கை கால் சரியாக பொருந்தாதது, உள்ளே சீழ் பிடிப்பது என்று இதற்கு பல காரணம். எந்த வலி என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் காசுதான் வீண்.

சூடு என்ன செய்யும்?

வெந்நீர் பை, இன்ப்ரா ரெட் விளக்கு இரண்டும் கொடுப்பது சூடுதான். இறுகிய தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும். சிலருக்கு கொஞ்ச நேரம் வலி அடங்கும். லேசர் ஒளி சிகிச்சை வேறு வகை. அதில் சூடு தெரியாது. இல்லாத காலின் வலியை அது தீர்க்கும் என்பதற்கு இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை. கடன் வாங்கி பல ஆயிரம் கட்டும் முன்பு யோசிக்க வேண்டும்.

உஷார்!

சர்க்கரை நோயாளிகளுக்கு தோல் மரத்துப் போயிருக்கும். சுடுவதே தெரியாது. தெரிவதற்குள் கொப்புளம் வந்துவிடும். புண் ஆறாமல் போனால் இன்னும் கொஞ்சம் காலை எடுக்க வேண்டி வரலாம். ஆறாத தையல், வீக்கம், சீழ் இருந்தால் சூடு வைக்கவே கூடாது. மற்றவர்களும் டாக்டரை கேட்டு, துணியில் சுற்றி, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் வைப்பது நல்லது.

கண்ணாடி வைத்தியம்

செலவில்லாத இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக்கல்லூரியில் படித்த ராமச்சந்திரன், அமெரிக்காவில் 1990-களில் கண்டுபிடித்தது. இருக்கிற காலை கண்ணாடி முன்பு வைத்து அசைத்தால், போன கால் அசைவது போல மூளைக்கு தெரியும். எல்லோருக்கும் பலிக்காது. பலித்தவர்கள் உண்டு.

48 மணி நேரத்துக்கு பிறகு?

விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தை தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அரியலூர் அரசு மருத்துவக்கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. உயிர் காக்க வழி வந்துவிட்டது. வலியோ வருஷக்கணக்கில் நீடிக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க இடம் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வழி தெரியும்.

வலி தாங்காமல் செயற்கை காலை மாட்ட முடியாதவர் வேலைக்கு போக முடியாது. உயிரை காப்பாற்றியது போலவே, அவர் எழுந்து நடக்கும் வரை பார்ப்பதும் சிகிச்சைதான்.