முதல் தோட்டாவின் பொறுப்பு

அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் இலையுதிர்காலம் எல்க் மான் வேட்டையின் பருவம். எத்தனை கெஜத்துக்கு அப்பாலிருந்து வீழ்த்தினோம் என்பதே அங்கு வேட்டைக்காரர் சிலரின் பெருமையாகி வருகிறது. லேசர் தொலைவுமானியும் குண்டின் பாதையைக் கணிக்கும் கருவியும் கைக்கு வந்தபின் 1000 கெஜம் என்பது எட்டிவிடும் தொலைவாகத் தோன்றுகிறது.

தோற்றம் அது. பயிற்சிக் களத்தில் மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுபவனுக்கு, குழல் சூடேறியபின் குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி விழக்கூடும். மலையில் அவனுக்குக் கிட்டுவது குளிர்ந்த குழலின் முதல் குண்டு மட்டுமே. இரவெல்லாம் உறைபனியில் கிடந்த இரும்பு, உள்ளே எஞ்சிய எண்ணெய்ப் பூச்சு, ஏற்றத்தால் இரைக்கும் மூச்சு ஆகியவை அம்முதல் குண்டைத் திசைமாற்றப் போதும். ஆகவேதான் பொறுப்புள்ளோர் நாளொன்றுக்கு ஒரே முறை சுட்டு, விழுந்த இடத்தையும் அன்றைய குளிரையும் காற்றையும் ஏட்டில் குறித்துவிட்டுத் துப்பாக்கியை உறையிலிடுகின்றனர். இரண்டாம் குண்டால் முதல் பிழையை மறைக்க அங்கே வழியில்லை. அவ்வேட்டில் உள்ள மிக மோசமான நாளே ஒருவனுடைய எல்லையை வகுக்க வேண்டும். மிகச் சிறந்த நாள் அல்ல.

இப்பயிற்சியைப் போற்றுகிறோம். எனினும் அது நெடுந்தொலைவுக்கு வழங்கப்பட்ட உரிமம் ஆகாது. 1000 கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஒரு நொடிக்கு மேலாகிறது. அதற்குள் மான் ஓரடி எடுத்துவைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்று, பரவலாக வழங்கும் குண்டுகளை அத்தொலைவில் ஐந்தடிக்கும் மேலாக ஒதுக்கிவிடும். பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் அக்காற்று எப்படி வீசுகிறது என்பதை இங்கிருக்கும் கருவி அளப்பதில்லை.

இதனினும் கொடியது பின்னர் நேர்வது. மான் துள்ளி மரங்களுக்குள் மறைந்ததும், குறி தப்பியது என்று கருதிக்கொள்வது மனத்துக்கு வசதியானது. ஆழ்பள்ளம் இறங்கி மறுகரை ஏறி, அது நின்ற இடத்தில் குருதித் துளி தேட ஒரு மணி நேரம் பிடிக்கும். நின்ற இடம் எதுவென்பதே அதற்குள் மறந்துபோகும். அந்நடையை மேற்கொள்ள மனமில்லாதவன் விசையைத் தொடுவதற்கே தகுதியற்றவன்.

1887-இல் தியடோர் ரூசவெல்ட் முன்னின்று நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்கு தன் புலன்களால் தப்பும் வாய்ப்பை நெடுந்தொலைவுச் சூடு பறிக்கிறது என்று கண்டித்துள்ளது. ஐடஹோ மாநிலம் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கியின் எடைக்கு 16 பவுண்டு வரம்பிட்டிருக்கிறது. எடைக்கு வரம்புண்டு, சுடுபவனின் திறனுக்கு ஆண்டுச் சோதனை இல்லை. நார்வேயிலோ பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் 100 மீட்டரில் ஐந்து குண்டுகளையும் உயிர்நிலைப் பகுதிக்குள் செலுத்திக் காட்டியாக வேண்டும். மேற்கு மாநிலங்கள் இவ்வழியை மேற்கொள்ளட்டும், ஒரு திருத்தத்துடன். ஐந்து குண்டுகள் வேண்டா. குளிர்ந்த குழலுடன் வந்து, ஒன்றே ஒன்று சுடச் சொல்லட்டும்.