எண்ணிக்கை குறைந்த பள்ளிக்கூடம்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்த நண்பனைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்து இலை. ரசம் வரும்போது கேட்டான்.

"ஏன்டா, நம்ம ஸ்கூலைப் பக்கத்து ஸ்கூலோட சேர்க்கப்போறாங்களாமே? அதுவும் சரிதான். இப்ப அங்க யாரு படிக்கிறா? ஸ்டாண்டர்டே போயிடுச்சு."

மோர் சாதம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கை கழுவுகிற இடத்தில்தான் சொன்னேன்: "ஸ்டாண்டர்டு எங்கயும் போகலடா. நாமதான் போயிட்டோம்." அவன் சிரித்துவிட்டுப் பீடா வாங்கப் போய்விட்டான். அவனிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி. சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, கூவத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. இணைப்புப் பேச்சு இன்னும் முடிவாகாத நிலையில் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சிந்தாதிரிப்பேட்டையின் பழைய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். ஆக, பிழைக்க வந்தவர்களுக்கென்றே உண்டான பேட்டை. தறிகள் போய் மீன் மார்க்கெட் வந்தது. பக்கத்தில் புதுப்பேட்டை பழைய மோட்டார் உதிரி பாகங்களுக்குப் பேர் வாங்கியது. வேலை மாறினாலும், புதிதாக ஆள் வந்து இறங்குவது மட்டும் நிற்கவில்லை. வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளி.

நான் 1962இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்பா மவுண்ட் ரோடு அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டர். என் பெஞ்சில் ஒரு பக்கம் மீன்கார அம்மாவின் மகன், மறுபக்கம் செக்ரடேரியட் குமாஸ்தாவின் மகன். ரிக்ஷாக்காரர் மகனும் உண்டு, டாக்டர் வீட்டுப் பையன் ஒருவனும் உண்டு. வேறு பள்ளியில் இடம் கிடைக்காமல் வந்தவன் இல்லை அந்த டாக்டர் மகன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளி அதுதான், அவ்வளவே. அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

வேப்ப மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் மணி. பியூன் இரும்புக் கம்பியால் தட்டினால் தெரு முனை வரை கேட்கும். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது பள்ளிகளை மூடிவிட்டார்கள். வாரக்கணக்கில் அந்த மணிச்சத்தம் இல்லாமல் தெருவே ஊமையான மாதிரி இருந்தது. எங்களுக்கு அது லீவு. பெரிய பையன்களுக்கு அப்படி இல்லை.

எனக்கு அந்தப் பள்ளி என்றால் முதலில் ஞாபகம் வருவது பர்மாக்காரப் பையன்கள்தான். பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1964 வாக்கில் எங்கள் வகுப்பில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். டி.சி. இல்லை, மார்க் ஷீட் இல்லை. ஒருவனிடம் பிறந்த தேதிக்கான காகிதம்கூட இல்லை. தமிழ் பேசுவான், எழுத வராது. ஹெட்மாஸ்டர் அவனை எங்கள் வகுப்புக்கு அழைத்து வந்து, "இவன் உங்களைவிடக் கணக்கில் கெட்டி, தமிழை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்க்கைப் பதிவேட்டில் என்ன எழுதிக்கொண்டார் என்று தெரியாது. சேர்த்துக்கொண்டார் என்பது தெரியும். அந்தப் பையன் எஸ்.எஸ்.எல்.சி.யில் என்னைவிட நாற்பது மார்க் அதிகம்.

வந்தவனைச் சேர்த்துக்கொள்வதுதான் அந்தப் பள்ளியின் குணம். இப்போது கல்வி உரிமைச் சட்டமே, டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. சட்டம் அமலுக்கு வந்தது 2010இல். எங்கள் ஹெட்மாஸ்டர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

சரி, நாம் போன கதைக்கு வருகிறேன். மற்றவர்களைச் சொல்வானேன், என்னையே சொல்கிறேன். 1984இல் என் மகனுக்குப் பள்ளி வயது. ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் விண்ணப்பம் வாங்க விடியற்காலை நாலு மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். மாமியார் வீட்டில் கேட்டபோது, "இவளுக்குத்தான் இங்கிலீஷ் மீடியம் வேணுமாம்" என்று மனைவி மேல் பழியைப் போட்டேன். உண்மையில் அவளுக்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன். என்னை ஆளாக்கிய பள்ளி என் மகனுக்குப் போதாது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஆபீசில் எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். குமாஸ்தா வீடும் டாக்டர் வீடும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றன. சத்தம் போட்டுக் கேட்கத் தெரிந்த பெற்றோர்கள் போன பிறகு, கழிவறைக் கதவு உடைந்தால் போய்க் கேட்க ஆள் இல்லை.

அப்போதும் வகுப்புகள் நிறைந்துதான் இருந்தன. கூவக்கரைப் பிள்ளைகள் இருந்தார்களே! எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982இல் சிறு பிள்ளைகளுக்குத் தொடங்கி, 1984இல் பதினைந்து வயதுவரை நீண்டபோது உயர்நிலை வகுப்புகளும் நிரம்பின. பெண்கள் நிறையப் படிக்க வந்ததும் அதற்குப் பிறகுதான் என்று அங்கே வேலை பார்த்த ஓர் ஆசிரியை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பள்ளியைக் காலி செய்தது அதற்கப்புறம் நடந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக் கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமாக நடந்தது. ஆற்றோரம் ஆபத்து என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போன குடும்பத்தின் பிள்ளை எங்கே படிப்பான்? சில பேர் அங்கேயே சேர்ந்தார்கள். பலர் நின்றுவிட்டார்கள். அதோடு இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. ஏழைப் பிள்ளைக்கு நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் தன் பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையைக் காசு கொடுத்து அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தன் பள்ளியில் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கணக்குப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

எண்ணிக்கை குறைவு நம் மாநகராட்சிக்குப் புதிதில்லை. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இதே பிரச்சினைதான். பிள்ளைகள் வரவில்லை. வறுமைதான் காரணம் என்று கண்டார்கள். பிட்டி தியாகராயர் தலைமையிலான மன்றம் என்ன செய்தது? ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்து மதியச் சாப்பாடு போடலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே நடந்த காரியம் அது. பிள்ளைகள் குறைவு என்றதும் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்திருந்தால் ஓர் அணா மிச்சமாகியிருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருஷமாகச் செவ்வாயும் வியாழனும் மாலையில் அங்கே போய்க் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பெயர்ப் பலகையில் 'மாநகராட்சி' போய் 'சென்னை' வந்திருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறது. வேப்ப மரம் இருக்கிறது, தண்டவாளத் துண்டு இல்லை. கொரோனா சமயத்தில் கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் சிலர். 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது முதல், ஆறாம் வகுப்புக்கே இங்கு வந்து விசாரிக்கும் பெற்றோரும் உண்டு. பீகாரிலிருந்து வந்து உதிரி பாகக் கடையில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் ஏழாவதில் இருக்கிறான். தமிழில் பேசுவான், எழுத வராது. முதல் நாள் அவனைப் பார்த்தபோது எனக்குப் பர்மாக்காரன் ஞாபகம் வந்தது. இவனும் கணக்கில் கெட்டி.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண், பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள். குடும்பம் அங்கே போன பிறகும் பள்ளியை மாற்ற மாட்டேன் என்று அடம். காலை ஆறேகாலுக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறவேண்டும்.

"காலையில சாப்டியாம்மா?"

"டீ குடிச்சேன் சார்."

2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் தொடங்கினார்கள். ஆறாவதுக்கு வந்ததும் பசி நின்றுவிடுமா என்ன? தியாகராயர் இருந்தால் கேட்டிருப்பார்.

சேர்க்கப்போவதாகச் சொல்லும் இன்னொரு பள்ளி வரைபடத்தில் பக்கம்தான். நடுவில் அண்ணா சாலை. அந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது பஸ், அல்லது அந்தப் போக்குவரத்தில் தினமும் இரண்டு தடவை ரோட்டைக் கடப்பது. அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். "அதுக்கு அங்கயே எங்கயாவது சேத்துடுறேன் சார்" என்றார். அங்கேயே என்றால் வருஷ நடுவில். அதன் பிறகு அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தலைமை ஆசிரியை இதைப்பற்றி வாய் திறக்க முடியாது, உத்தியோகம். பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகும். பென்ஷன் வாங்குகிற நமக்கு என்ன போகும்? அதனால் ஒரு மனு எழுதியிருக்கிறேன். பள்ளியை இருக்கும் இடத்திலேயே விடவேண்டும், தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்காகக் காலையில் நேர் பஸ் ஒன்று விடவேண்டும், ஆறிலிருந்து பத்து வரைக்கும் காலைச் சாப்பாடு வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். அந்தப் பள்ளியில் படித்தவர்கள், படிக்காவிட்டாலும் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். முட்டி வலிக்காரர்களுக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

பந்தியில் பார்த்த நண்பனுக்கும் போன் செய்தேன். "பாக்கலாம்டா" என்றான்.