பாராட்டு போதும், மாற்றாள் எங்கே?

நோயாளியைக் காண வருவோர் கட்டிலருகே அமர்ந்து அன்போடு கேட்கிறார்கள்: "இரவில் உறக்கம் வருகிறதா? உணவு இறங்குகிறதா? மனத்தில் தெம்பு இருக்கிறதா?" நல்ல கேள்விகள்தாம். ஆனால், தோழரே, அதே கட்டிலின் தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்கிறாரே ஓர் அம்மையார், அவரை நோக்கி இக்கேள்விகளை எவரேனும் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் மூன்றுக்கும் "இல்லை" என்னும் விடையே வந்திருக்கும்!

கேட்பதில்லை, பட்டம் சூட்டுகிறோம். "பொறுமையின் சிகரம்" என்கிறோம். "தெய்வம் போன்ற மருமகள்" என்கிறோம். "இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று வியந்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே விடைபெறுகிறோம். அந்தப் புகழுரையால் அவருக்குக் கிடைத்தது யாது? ஒரு மணி நேர உறக்கமா? ஒரு வேளை ஓய்வா? ஒன்றுமில்லை! பயன் பெற்றவர்கள் நாம்தாம். புகழ்ந்தாயிற்று, கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக வீடு திரும்புகிறோம்.

எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தால் வீழ்ந்த முதியவர் ஒருவர். படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவென்றும் பகலென்றும் அதற்கு வேறுபாடு இல்லை. பிள்ளைகள் மூவர். ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். ஞாயிறுதோறும் தொலைபேசி ஒலிக்கிறது: "அண்ணி, நீங்கள் இருப்பதால்தான் நாங்கள் கவலையில்லாமல் இருக்கிறோம்!" மூத்தவரோ அதே வீட்டில் இருக்கிறார். மாலையில் வருகிறார், "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்கிறார், தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்கிறார். மூவரின் கவலையும் ஒருத்தியின் தலைமேல்!

அந்த ஒருத்தியின் மனம் என்ன பாடுபடும்? முதலில் உறக்கம் போகிறது. அடுத்துச் சிரிப்பு போகிறது. காரணமற்ற சினம் வருகிறது. சினத்தின் பின்னாலேயே குற்ற உணர்வு வருகிறது. ஒரு நள்ளிரவில், "இது என்றுதான் முடியும்?" என்னும் எண்ணம் மின்னி மறைகிறது. முடிவதென்றால் என்ன பொருள் என்பது உறைத்ததும், "நான் இவ்வளவு கொடியவளா?" என்று தன்னைத்தானே குற்றக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். யாரிடம் சொல்வார்? தெய்வம் என்று பட்டம் பெற்றவர், தெய்வம் நினைக்கத் தகாததை நினைத்துவிட்டதாக எவரிடம் சொல்ல முடியும்?

அந்த நினைவால் வெந்துகொண்டிருக்கும் சகோதரியோ சகோதரரோ இவ்வரிகளைப் படிப்பாராயின், அவருக்குச் சொல்கிறோம்: அது கொடுமையின் குரலன்று, களைப்பின் குரல். உடல் களைத்தால் கால் வலிக்கிறது. மனம் களைத்தால் இத்தகைய எண்ணம் எழுகிறது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

"உங்கள் மனநலத்தை நீங்கள் பேணிக்கொள்ள வேண்டும்; நாள்தோறும் அரைமணி நேரம் உலவுங்கள், நண்பரோடு உரையாடுங்கள், நன்றாக உறங்குங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அறிவுரையில் பிழையில்லை. அவர் உலவப் போகும் அந்த அரைமணி நேரம், கட்டிலருகே இருக்கப்போவது யார்? இதற்கு விடை சொல்லாத அறிவுரை, பசித்தவனிடம் "வேளைக்கு உண்பது நன்று" என்று உரைப்பதற்கு ஒப்பானது.

நாம் உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் சாரிட் என்னும் அறிஞரும் அவருடைய துணை ஆய்வாளர்களும், மறதிநோயுற்ற முதியோரைப் பேணும் 29 பேரிடம் ஆய்வு நடத்தினர். பேணுவோரின் மனச்சுமையை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதே கேள்வி. நோயாளியின் தொல்லைமிக்க நடத்தைக்கும் அந்தச் சுமையின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தொடர்பு வேறிடத்தில் இருந்தது: நோயாளியைப் பார்க்கக் குடும்பத்தின் மற்றவர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்பதில்! வந்தோர் மிகுந்த வீட்டில் சுமை குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பெரிய உண்மையை உணர்த்துகிறது. நோயைக் காட்டிலும் தனிமையே முதுகை ஒடிக்கிறது.

இந்த உண்மையை நம் மண்ணும் அறியாததன்று. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெற இடமளித்தனர். அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். நோய் ஒருவருக்கு, மருத்துவம் வீட்டுக்கே என்பதை அவர்கள் அன்றே செய்து காட்டினர்.

"பெற்றோரைப் பேணுவது கடமை, கடமையில் ஓய்வு ஏது?" என்று கேட்போர் இருக்கின்றனர். கடமை என்றே கொள்வோம். மூன்று பிள்ளைகளுக்கும் உரிய கடமையை ஒருவர்மீது சுமத்திவிட்டு மற்ற இருவர் அதன் பெருமையைப் பேசுவது எந்த அறத்தில் சேரும்? உழைப்புக்கு ஓய்வு உண்டு என்பதே ஒரு காலத்தில் கேலிக்குரிய பேச்சாக இருந்தது. 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தின விழாவை நடத்தினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, வார விடுமுறையும் வழங்கிற்று. ஆலையில் இயந்திரத்தைப் பேணுபவனுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு. வீட்டில் மனிதரைப் பேணுபவருக்கு ஆண்டில் ஒரு நாளும் இல்லை!

அந்தப் பேணுபவர் பெரும்பாலும் யார்? 2019இல் இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு விடை சொல்கிறது. ஊதியமின்றி வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபட்டோருள், பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 134 நிமிடம்; ஆண் 76 நிமிடம். சமையலும் துப்புரவும் போன்ற வீட்டு வேலைகளில் பெண் 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். ஒரே கூரையின்கீழ் இரண்டு நீதி!

இக்கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1976இல் நோயுற்றோரைப் பேணுவோருக்கு உதவித்தொகை கொண்டுவந்தபோது, மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தாமே என்பது ஆட்சியாளரின் எண்ணம். தாயைப் பேணிய ஜாக்குலின் டிரேக் என்னும் பெண்மணி வழக்குத் தொடுத்தார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1995இல் ஜெர்மனியும் 2000இல் ஜப்பானும் நீண்டகாலப் பராமரிப்புக்கெனவே காப்பீடு ஏற்படுத்தின. வீட்டில் பேணுவோர் சில நாள் ஓய்வு கொள்ள, அந்நாட்களில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மாற்று ஏற்பாடும் அவற்றில் அடங்கும்.

இங்கே? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்னும் பூட்டும் அதில் தொங்குகிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், ஊர்தோறும் தன்னார்வலரை வீடுகளுக்கு அனுப்பக் கற்றுத்தந்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நோயாளியின் வாயிற்படிக்கே மருந்தையும் இயன்முறைச் சிகிச்சையையும் கொண்டுவந்தது. வாயிற்படி வரை வந்தவர், கதவைத் திறந்துவிட்டவரைப் பார்த்து, "அம்மா, நீங்கள் உறங்கி எத்தனை நாளாயிற்று?" என்று ஒரு வார்த்தை கேட்கலாகாதா? விடையைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒரு பகல் மாற்றாளுக்கு வழி செய்யலாகாதா? இதுவே ஆட்சியாளரிடம் நாம் வைக்கும் கோரிக்கை.

ஆட்சியின் ஆணை வரும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தோர் கூடி முறை வகுத்துக்கொள்ளட்டும்: எந்த ஞாயிறு யாருக்கு, எந்த இரவு யாருக்கு என்று. தொலைவில் இருப்பவர் மாற்றாளுக்கான கூலியைத் தரட்டும். விடுப்பெடுத்து வந்து பத்து நாள் தாமே பார்க்கட்டும்.

பேணும் தோழரே, உங்களுக்கும் ஒரு சொல். "என்னால் முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டில் கேட்பாரில்லை எனில், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். ஓய்வு கேட்பது அன்பில் குறைவன்று. உறங்கி எழுந்த கைதான் மருந்தின் அளவு தவறாமல் ஊற்றும். உறங்கி எழுந்த மனம்தான் முதியவர் பத்தாம் முறை கேட்கும் கேள்விக்கும் கனிவோடு விடை சொல்லும்.

அடுத்த முறை நோயாளியைக் காணச் செல்கையில், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிச் செல்வதோடு நில்லாதீர்கள். "அண்ணி, மாலை ஆறு மணி வரை நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள்!