அடியில் அரிக்கும் உப்பு: மரக்காணம் கரையோர லோடு வண்டிகளுக்கு என்ன ஆகிறது?

புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் மரக்காணம் போகிறவர்கள் கூனிமேட்டைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். இன்னும் வடக்கே போனால் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். போட்டோவுக்கு நல்ல இடம்தான். ஆனால் இதே சாலையில் உப்பும் மீனும் ஏற்றி ஓடும் குட்டியானை, பொலிரோ பிக்கப் வண்டிகளை ஒருமுறை குனிந்து அடியில் பார்த்தால் தெரிவது வேறு காட்சி. மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே சேசிஸ் செதில் செதிலாக உரிந்திருக்கும்.

பிக்கப் வண்டியின் அடிப்பகுதி துரு என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கா, கனடா கதைகள்தான் அதிகம் வரும். அங்கே குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் டயரில் பட்டுத் தெறித்து வண்டியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. டொயோட்டா நிறுவனத்தின் டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளில் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுவதாக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016ல் அந்த நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை செலவு என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

நம்ம ஊரில் பனி இல்லை, சாலையில் யாரும் உப்புக் கொட்டுவதும் இல்லை. அப்போ பிரச்சினை எங்கிருந்து வருது?

மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று, கடற்காற்று, அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத்துளியைச் சுமந்து வருகிறது. இரண்டு, அளத்திலிருந்து ஈரத்தோடு ஏற்றும் உப்பு. தொட்டியின் இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே போகும். மூன்று, மீன் லோடு. ஐஸ் உருகி உப்போடு கலந்து வழியும் தண்ணீர். பனி நாட்டு வண்டிக்கு உப்பு குளிர்கால மாதங்களில் மட்டும்தான். இந்தக் கரையோர வண்டிக்கு ஓய்வே கிடையாது. போதாததற்கு வெயில் வேறு. சூடு ஏறினால் துருப்பிடிக்கும் வேகமும் ஏறும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. உப்பு மட்டும் இரும்பைத் தின்பதில்லை, அதற்கு ஈரமும் வேண்டும். அந்த ஈரத்தை உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே கசிய ஆரம்பிக்கிறது. கடற்கரையில் ராத்திரி இந்த அளவைத் தாண்டுவது சகஜம். கடல் உப்பில் கொஞ்சம் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதற்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். வீட்டில் கல் உப்பு ஜாடி நசநசவென்று இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆக, மழையே பெய்யாத மாதத்திலும், ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டிகூட அடியில் நனைந்துகொண்டே இருக்கிறது.

இரும்போடு போராடுவதில் இந்தக் கரைக்குப் பழைய அனுபவம் உண்டு. 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைப் பல தலைமுறை பராமரித்தும் துரு விடவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். பாலத்தைப் பார்த்துக்கொள்ள ரயில்வே இருக்கிறது. குட்டியானைக்கு, டியூ கட்டிக்கொண்டிருக்கும் அதன் ஓனர் மட்டும்தான்.

துரு முதலில் கைவைப்பது கண்ணில் படாத இடங்களில். சேசிஸின் உள்மடிப்பு, சேறு அடைத்த வடிகால் ஓட்டை, ஸ்பிரிங் பட்டைகளின் நடுவே, தொட்டியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட். எல்லாவற்றையும்விட ஆபத்தானது பிரேக் பைப். மெல்லிய இரும்புக் குழாய், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் உப்புச் சேறு தங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். லோடோடு போகும்போது அவசரமாக ஓங்கி மிதித்தால் உள்ளே அழுத்தம் எகிறும். பைப் உடைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். 2015ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இதற்காகவே தனி எச்சரிக்கை விட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பகுதியைக் கழுவுங்கள், பிரேக் பைப்பைச் சோதியுங்கள் என்றது.

இங்கே நடப்பது என்ன? எப்.சி. காட்டப் போகும் முன் அடியில் கறுப்பு பெயின்ட் ஒரு கோட். சரியாகச் சுரண்டாமல் துருவின் மேலேயே அடிக்கிற பெயின்ட் உப்பை உள்ளே பூட்டிவைக்கிறது, அவ்வளவுதான். சிலர் பழைய இன்ஜின் ஆயிலைப் பீய்ச்சுகிறார்கள். கொஞ்ச நாள் ஈரம் ஒட்டாது, உண்மை. ஆனால் அது ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும். சொட்டுவதோ, நாளைக்கு யாரோ சாப்பிடப்போகும் உப்பு விளைகிற மண்ணில். இன்சூரன்ஸும் கைகொடுக்காது, தேய்மானம் பாலிசியில் சேராது.

செய்யக்கூடியது பெரிய வித்தை இல்லை. லோடு இறக்கிய அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விட்டால் போதும் என்பது உள்ளூர் வண்டிக்குச் சரி, உப்பு வண்டிக்குப் பத்தாது. போர் தண்ணீரே கரிக்கிற இடம் என்றால் அதில் கழுவுவது வீண். வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். தொட்டியில் கெட்டித் தார்ப்பாய் விரித்து ஏற்றினால் பாதிச் சொட்டு நின்றுவிடும்.

இதையெல்லாம் டிரைவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. உப்பு வாடகை பேசும்போது டீசல் கணக்கு வரும், தூரக் கணக்கு வரும். கரையும் சேசிஸின் கணக்கு வராது. உப்பு ஏற்றும் இடத்தில் ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப், ஒரு சாய்தளம் வைப்பது உற்பத்தியாளர்களும் அரசும் சேர்ந்தால் முடியாத செலவு அல்ல.

எப்.சி. விஷயமும் அப்படித்தான். சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருஷா வருஷம் தகுதிச் சான்று என்பது விதி. உப்புக் கரையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷம் ரொம்ப நீளமான இடைவெளி. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் மக்கள் இன்னமும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பேருக்காகவாவது இந்த வண்டிகளைக் குழிமேல் நிறுத்தி, அடியில் இறங்கி, சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும். அரித்துப்போனது, எத்தனை கோட் பெயின்ட் அடித்திருந்தாலும், ‘தொப்’ என்றுதான் கேட்கும்.