வாலிபத்தில் வாதம்

பழனிமலைச் சரிவிலே, கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே இருக்கிறது அடுக்கம். அங்கே ஒரு வாலிபருக்குத் திடீரென்று கை சோர்ந்து வாய் கோணினால், "சின்ன வயசு, களைப்புத்தான்" என்று நாம் இருந்துவிடலாமா?

பக்கவாதம் கிழவர்களுக்கே உரியதன்று. காதின் கீழே, கபாலத்தின் அடியில் ஊசிபோன்ற ஓர் எலும்பு உண்டு. சிலருக்கு அது 3 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையில்லை. அபூர்வமாகச் சிலருக்கு, கழுத்தைத் திருப்புகையில் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உட்சுவரைக் கிழித்துவிடும். அங்கே உறையும் ரத்தம் மேலேறி அடைத்தால் வாதந்தான். இவ்வெலும்பின் தொல்லைகளை அமெரிக்க வைத்தியர் வாட் ஈகிள் 1937-ல் விவரித்தார்.

உறைவைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் கொடுப்பதே வழக்கம். மலைப்பாதையோ அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகையால், வயதைப் பாராமல் உடனே 108-ஐ அழைப்பதே விவேகம்.