மானியம் யார் பெயருக்கு?



மானியம் என்றதும் நமக்கு எண்ணெயும் மாவும்தான் நினைவுக்கு வரும். விவசாயத் தொழில் நடத்துவோருக்கும் அரசாங்கம் மானியம் கொடுப்பதுண்டு. அதில் ஒன்றின் கதை நம் பால்மரத்தோடு சேர்ந்தது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

1950களின் தொடக்கத்தில் நாட்டின் பால்மரங்களில் ஏராளமானவை கிழடு தட்டிவிட்டன. பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று நட்டால், பால் காண ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுக்கு என்ன செய்வது? 1952இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரில் ராத்தலுக்கு நாலரைக் காசு தீர்வை வசூலித்தார்கள். 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கு ஒரு நிதி. சிறுதோட்டக்காரர்களுக்கு இன்னொரு நிதி. மறுநடவு செய்த தோட்டத்துக்கு, அது கட்டிய தீர்வை திரும்பக் கிடைத்தது. 1955 முதல் அரசாங்கமும் தன் பங்குக்கு மானியம் கொடுத்தது.

திட்டம் தவறென்று நான் சொல்லவில்லை. மறுநடவு இல்லாவிட்டால் தோட்டமும் இல்லை, நமக்கு வேலையும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருட்டோடு எழுந்து அந்தப் பாலை வெட்டியவர் பெயர் இரண்டு நிதியிலும் இல்லை. நிலப்பட்டா யார் பெயரில் இருந்ததோ, பணம் அவரைத் தேடிப் போனது. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ஆள் தேவையும் குறைந்தது.

பட்டாவின் அருமையை அறிந்துதான், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி, 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள் நம் பாட்டாளிகள். கூலிக்கு வெட்டியவர்கள் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள்.

சரி, இன்றைய நிலை என்ன? 2015 முதல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை என்று ஒன்று இருக்கிறது. விலை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால், குறையும் தொகையை அரசாங்கம் ஈடுசெய்கிறது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரம்பு கிலோவுக்கு 3 வெள்ளியாக உயர்ந்தது. என் மாணவர்களுக்குப் போடுவதுபோல் ஒரு கணக்கு: கோப்பையில் உறைந்த பாலின் விலை 2 வெள்ளி 60 காசு என்று வையுங்கள். 200 கிலோவுக்கு ஈட்டுத்தொகை 80 வெள்ளி. ஒரு வீட்டின் அரிசிச் செலவுக்கு அது உதவாதா?

பெரிய தோட்டத்தில் சம்பளத்துக்கு வெட்டுபவருக்கு இது கிடையாது. ஆனால் சிறுதோட்டக்காரருக்கு மட்டுமல்லாமல், அவர் நிலத்தில் பால் வெட்டும் நம் நாட்டுக் குடிமகனுக்கும் உண்டு. அதற்கு மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் 'பாட்-ஜி' அனுமதி அட்டை அவர் பெயரில் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடையில் விற்று, ரசீதும் வாங்க வேண்டும். அட்டை இல்லாதவர் பாலை விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செலாயாங், பத்துமலைப் பக்கம் குடியேறிவிட்ட பிள்ளைகளே! ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ இன்னும் யாருடைய நிலத்திலாவது பால் வெட்டுகிறாரா? இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "அட்டை உங்க பேர்லதான் இருக்கா?"